நாத்தனார் முடிச்சு

கல்யாணத்தை எப்படி வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. போன வருஷம் கிள்ளானில் ஒரு மாப்பிள்ளை மாட்டு வண்டியில் வந்து மண்டப வாசலில் இறங்கினான். மாடு மிரண்டு மாப்பிள்ளைத் தோழன் சாக்கடையில் விழுந்தது வரைக்கும் வீடியோவில் இருக்கிறது. ரவாங்கில் ஒரு ஜோடி மேடை முழுக்கச் செம்மண் கொட்டி, வந்தவர்களை எல்லாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பாதிப் பேர் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். இதையெல்லாம் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தவள்தான் காமாட்சி. தன் மகன் முகுந்தனின் கல்யாணமும் இந்த வரிசையில் சேரப்போகிறது என்று தெரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது.

ஆடம்பரத்துக்கு அவள் பயப்படவில்லை. மருமகளாக வரப்போகிற நித்யா ஆடம்பரமே கூடாது என்கிற ரகம். பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. தெர்மோகோல் அரண்மனை வேண்டாம், தரையில் பாய் போதும் என்றாள். புரியாத மந்திரம் வேண்டாம், ஓதுவார் வந்து திருவாசகம் பாடட்டும் என்றாள். டிஜே வேண்டாம், உறுமி மேளம் இருக்கட்டும் என்றாள். நகை குறைவு, பூ அதிகம். காமாட்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். படித்த பெண், நாலும் யோசித்துச் செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாண வேலைகளை ஏற்றுக்கொண்ட வாணி என்ற பெண்ணும் கூட வந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு முடிவு செய்துகொண்டிருந்தாள். தாலி கட்டும் கட்டம் வந்தது.

"மூணு முடிச்சுல முதல் ரெண்டு மாப்ள போடுவாரு. மூணாவது நாத்தனார் போடணும். யாரு ஆன்ட்டி போடுறது?" என்று வாணி கேட்டாள்.

"செலாயாங்ல எங்க அக்கா மக இருக்கா. இவனுக்குத் தங்கச்சி முறைதான். அவ போடுவா லா" என்றாள் காமாட்சி.

நித்யா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குத்தான் சொந்த நாத்தனார் இருக்காங்களே அத்தை. அர்ச்சனா அக்கா."

படத்தில் அர்ச்சனா சிரித்துக்கொண்டிருந்தாள். முகுந்தனுக்கு மூத்தவள். ஆறு வருஷத்துக்கு முன் கொசுவால் வரும் டிங்கி காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்துநாலு வயது.

"முகுந்தன் சொன்னாரு. உங்க வீட்டுல கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரிய கூப்பிடுவீங்களாமே. அத வீட்டுக்குள்ள ஒளிச்சு ஏன் பண்ணணும்? மேடையில பண்ணலாம். அவங்க வரட்டும். அவங்களே என் கழுத்துல முடிச்சு போடட்டும்."

பூவாடைக்காரி என்பது காமாட்சி வாழ்க்கைப்பட்ட குடும்பத்தின் வழக்கம். அவள் புருஷன் தம்புசாமியின் முன்னோர்கள் ஆரணிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண் அந்தக் குடும்பத்துக்குத் தெய்வம். நல்ல காரியத்துக்கு முதல் நாள் நீர்நிலைக்குப் போய், உடுக்கை அடித்து, அவளைக் கலசத்தில் அழைத்து வருவார்கள். புடவை, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். வந்தவள் வீட்டுப் பெண்கள் யார் மேலாவது இறங்குவாள். இறங்கினால் பேசுவாள். அதுதான் காமாட்சியின் பயம். இறங்கினவள் சும்மா வாழ்த்திவிட்டுப் போவதில்லை. தனக்கு என்ன குறை வைத்தார்கள், யார் வைத்தார்கள் என்று ஆளைக் காட்டிச் சொல்லுவாள்.

"வேண்டாம்மா. மணவறையில போய் செத்தவங்கள கூப்பிட்டுக்கிட்டு" என்றாள் காமாட்சி.

"செத்தவங்கன்னு சொல்லாதீங்க அத்தை. அவங்க இந்த வீட்டுச் சாமி" என்றாள் நித்யா. சொல்லும்போதே கண் கலங்கியது. அந்தப் பெண்ணிடம் கள்ளம் கிடையாது. அர்ச்சனாவை ஒரு தடவைகூடப் பார்த்தது இல்லை, ஆனாலும் மனசார நாத்தனார் உறவு கொண்டாட நினைத்தாள். தம்புசாமி அங்கேயே விம்மத் தொடங்கிவிட்டார். லோரியில் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடியே தாடி நரைத்த மனுஷன். மகளைப் பற்றிய பேச்சு வந்தாலே குழந்தை மாதிரி ஆகிவிடுவார்.

"எம்மவ வந்து முடிச்சு போட்டா அதவிட என்ன காமாட்சி வேணும் நமக்கு?" என்றார்.

"அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும் அத்தை? புடவை நானே எடுக்கணும்."

"மயில் கழுத்துக் கலர்" என்று காமாட்சியின் வாய் சொன்னது. அவள் கண் மாடிப்படியைப் பார்த்தது.

மாடியில் அர்ச்சனாவின் அறை இருக்கிறது. அறைக் கதவின் நிலையில், ஆள் தோள் உயரத்தில் சுண்ணாம்பு மாவு அடைத்து மேலே பெயின்ட் பூசிய ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே போடுகிற தாழ்ப்பாள் இல்லை, வெளியிலிருந்து போடுவது. வாங்கி வந்து மாட்டியவள் காமாட்சி. கழற்றி எறிந்தவளும் அவள்தான்.

அர்ச்சனா ஒருவனை விரும்பினாள். ராஜேஷ்குமார் என்று பெயர், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து லிட்டில் இந்தியாவில் ஒரு பலகாரக் கடையில் வேலை பார்த்தவன். நல்ல பையனோ கெட்ட பையனோ, காமாட்சி விசாரிக்கவில்லை. பெர்மிட் முடிந்தால் ஊருக்கு ஓடிவிடுவான், அங்கே பெண்டாட்டி பிள்ளை இருக்கிறதோ என்னவோ என்று அவள் தானாகவே முடிவு கட்டினாள். மகள் பிடிவாதம் பிடித்தாள். தம்புசாமி தாய்லாந்து எல்லைக்கு லோரி எடுத்துப் போயிருந்த நேரம். முகுந்தன் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தான். காமாட்சி மகளின் போனைப் பிடுங்கினாள், அறையில் வைத்துப் பூட்டினாள். சோறு போட்டாள், குளிக்க வெளியே விட்டாள், மறுபடி பூட்டினாள். ஊர் உலகத்தில் எந்தத் தாயும் செய்யாததையா செய்துவிட்டோம் என்று அப்போது நினைத்தாள்.

பூட்டிய மறுநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "காய்ச்சல்மா. கிளினிக் போலாம்மா." காமாட்சிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கிளினிக் அந்தப் பலகாரக் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்தது. "நடிக்காதடி" என்றாள். பனடோல் மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துவிட்டுப் பூட்டினாள். அப்புறமும் அர்ச்சனா கதவைத் தட்டினாள். எலும்பெல்லாம் வலிக்கிறது என்றாள். கடைசியாகக் காமாட்சி உள்ளே போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபோது நெற்றி ஜில்லென்று இருந்தது. "எங்கடி காய்ச்சல்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். டிங்கியில் காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்வதுதான் ஆபத்து என்று அவளுக்கு அன்று தெரியாது. மருத்துவமனையில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தம்புசாமி வந்து சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் இல்லை. டிங்கி என்றார்கள், இந்தக் கிள்ளானில் அது யாருக்குத்தான் வரவில்லை என்று நம்பி அழுதார் அவர். முகுந்தனும் அழுதான். அந்த ராஜேஷ்குமார் சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனான். பூட்டிய கதவைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தியின் சாம்பலைப் போர்ட் கிள்ளான் கடலில் கரைத்தாயிற்று. மற்றவள் ஆறு வருஷமாக அந்தப் படத்துக்குத் தினமும் விளக்கேற்றி, என்னை மன்னிச்சிடுடி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். படம் சிரித்துக்கொண்டே இருந்தது.

இப்போது அந்த அர்ச்சனாவை மைக் கட்டிய மேடையில், ஊரார் முன்னால் அழைக்கப்போகிறார்கள்.

காமாட்சி ரவாங்குக்குப் போன் போட்டாள். அங்கே தம்புசாமியின் தங்கை இராஜம்மா இருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் பூவாடைக்காரி இறங்குவது என்றால் இராஜம்மா மேல்தான். மூன்று கல்யாணத்தில் காமாட்சியே பார்த்திருக்கிறாள். போன தடவை வந்தவள் தம்புசாமியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தையே நிறுத்தி வைத்தாள். இராஜம்மாவுக்குத் தெரிய வழியே இல்லாத சங்கதியெல்லாம் அவள் வாயிலிருந்து வந்து விழுந்தது.

"இந்தத் தடவ நீ கொஞ்சம் அடக்கிக்கோயேன் இராஜம்மா. புதுசா சம்பந்தம் பண்றவங்க, பயந்துடுவாங்க" என்றாள் காமாட்சி.

"அது என் கையிலயா இருக்கு அண்ணி?" என்றாள் இராஜம்மா. "நம்ம புள்ள வரணும்னு வந்தா வருவா. உங்களுக்கு ஆசையா இல்லையா அவ பேசி கேக்கணும்னு?"

காமாட்சி போனை வைத்தாள். அன்றிலிருந்து கல்யாண நாள் வரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாண அலைச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு ஒரே யோசனைதான். இராஜம்மா மேல் அர்ச்சனா இறங்கிவிட்டால் கதவு கதையெல்லாம் வெளியே வந்துவிடும். முகுந்தன் காதில் விழும். இருக்கிற ஒரு பிள்ளையும் போய்விடும். அவளுக்குப் புருஷனைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. மகன் முகத்தில் அந்தச் சங்கதி ஏறுவதைப் பார்க்க அவளால் முடியாது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. கேவலமான வழி. ஒரு பூவாடைக்காரி ஒரு உடம்பில்தான் இறங்குவாள். முதலில் யார் மேல் இறங்குகிறாளோ மற்றவர்கள் விலகி நின்று கும்பிடுவார்கள். அப்படியென்றால் இராஜம்மாவுக்கு முன்னால் தான் ஆடிவிட வேண்டும். இராஜம்மா எப்படித் தலையை ஆட்டுவாள், கொண்டை எப்போது அவிழும், எப்போது பல்லைக் கடிப்பாள் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆடி, மகனை வாழ்த்தி, முடிச்சைப் போட்டுவிட்டுக் கீழே விழுந்துவிட்டால் தீர்ந்தது. மகள் நடிக்கிறாள் என்று கதவைச் சாத்தியவள் இப்போது மகளாகவே நடிக்கத் துணிந்தாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது, உறுத்தவும் செய்தது. ஆனாலும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று விடிகாலையில் தம்புசாமியும் முகுந்தனும் போர்ட் கிள்ளான் போய்க் கடல் தண்ணீரைக் கலசத்தில் மொண்டு வந்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் நாற்காலி இல்லை, பாய்கள்தான். வேப்பிலையும் வாழைக்கன்றும் கட்டிய பந்தலுக்கு நடுவில் ஒரு மரப்பலகை. பலகையில் கலசம், மயில் கழுத்துப் புடவை, கண்ணாடி வளையல், அர்ச்சனாவுக்குப் பிடித்த அதிரசம். பின்னால் அவள் படம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். "வித்தியாசமா இருக்கு லா" என்று பேசிக்கொண்டார்கள். ஓதுவார் பாடி முடித்ததும் உறுமி மேளக் குழுவின் தலைவன் குரு உடுக்கையைக் கையில் எடுத்தான்.

உடுக்கைச் சத்தம் எழும்பியது. உறுமி கீழ்க்குரலில் கூடவே சேர்ந்தது. குரு அர்ச்சனா பெயரைச் சொல்லி அழைத்தான். "கடல் தாண்டி வா தாயே, கலசத்துல வா தாயே, தம்பி கல்யாணத்துக்கு வா தாயே." நித்யா கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தாள். முகுந்தன் கலசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் நின்ற இராஜம்மாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. மறுபடி குலுங்கியது. அவள் கண் மேலே செருகத் தொடங்கியதைக் காமாட்சி பார்த்தாள்.

காமாட்சி கத்தினாள்.

அவளே எதிர்பார்க்காத சத்தம். கொண்டையைத் தானே அவிழ்த்துக்கொண்டாள். தலையைச் சுழற்றினாள். பட்டுப் புடவை பாயில் புரள, பலகைக்கு முன்னால் போய் விழுந்து முட்டிபோட்டு ஆடினாள். "அம்மா மேலயே வந்துட்டா!" என்று யாரோ அலறினார்கள். இராஜம்மா அப்படியே நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினாள். காமாட்சி தலைமுடிக்குள்ளிருந்து அதைப் பார்த்து, அப்பாடா என்று நினைத்தாள். அருள் வந்தவள் அப்பாடா என்று நினைக்கமாட்டாள். அவளுக்கு எதுவும் வரவில்லை, முட்டி வலித்தது, தலை சுற்றியது, அவ்வளவுதான்.

"யாரு வந்திருக்கீங்க தாயே?" என்று குரு கேட்டான்.

"அர்ச்சனா" என்றாள். குரலைக் கொஞ்சம் மெலிசாக்கிக்கொண்டாள்.

மண்டபமே கும்பிட்டது. தம்புசாமி ஓடிவந்து காலில் விழுந்தார். "எம்மா, வந்துட்டியாம்மா" என்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கதறினார். முப்பது வருஷத்துக்கு மேலாக அவளை அதட்டிக்கொண்டிருந்த மனுஷன் அவள் காலில் கண்ணீர் விட்டார். காமாட்சிக்குக் கூசியது. காலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. நித்யா புடவையை எடுத்து அவள் தோளில் போர்த்தி, வளையலை மாட்டிவிட்டாள். எல்லாம் நினைத்தபடி நடந்தது. இனி நல்லா இருங்க என்று ஒரு வார்த்தை, ஒரு முடிச்சு. முடிந்தது.

முகுந்தன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் பட்டை. அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டு பேசினான்.

"அக்கா. நான் கடைசியா உன்ன பாக்கலக்கா. பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. ரொம்ப வலிச்சுச்சாக்கா? ஏதாவது சொல்லணும்னு நெனச்சியா?"

இதற்குக் காமாட்சி தயாராக வரவில்லை. ஆறு வருஷத்தில் இந்தப் பிள்ளை ஒரு தடவைகூட அதை அவளிடம் கேட்டதில்லை. இவ்வளவு நாளும் இதை எங்கே வைத்திருந்தான்? அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, நல்லா இரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த மெலிசுக் குரலை எடுத்ததும் அந்தக் குரலோடு சேர்ந்த வார்த்தைகள்தான் வந்தன. ஆறு வருஷமாகப் படுத்தாலும் எழுந்தாலும் காதில் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தைகள்.

"காய்ச்சல்மா" என்றாள். "நடிக்கலம்மா. எலும்பெல்லாம் வலிக்குதும்மா. கதவத் தொறம்மா."

மேளம் நின்றுவிட்டது.

யாரும் அவளைப் பேசவைக்கவில்லை. அருளும் இல்லை, ஆவியும் இல்லை. நிறுத்த நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லச் சொல்ல மார்பில் ஏதோ இறங்கிக்கொண்டே வந்தது, அவள் நிறுத்தவில்லை. கதவைத் தட்டியதைச் சொன்னாள். பனடோலைச் சொன்னாள். நெற்றி ஜில்லென்று இருந்ததைச் சொன்னாள்.

"கதவ யாரு தாயே சாத்துனது?" என்று இராஜம்மா கேட்டாள்.

"அம்மாதான். வெளிய தாழ்ப்பா போட்டாங்க."

முகுந்தன் நிமிர்ந்தான். அவன் கண்ணில் என்னமோ ஓடியது. அந்தக் கதவு நிலையில் அடைத்திருந்த ஓட்டைகள் என்ன என்று அவன் ஒருநாள் கேட்டதும், கரையான் அரித்தது என்று தான் சொன்னதும் காமாட்சிக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவன் கையைக் கூப்பினான். "அம்மாவ மன்னிச்சிடுக்கா" என்றான். "அவங்க தெனமும் அழறாங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுக்கா."

மண்டபம் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. தினமும் விளக்கேற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது அவள் நாக்கில் இருந்தது. மன்னிச்சிட்டேன் என்று சொன்னால் போதும். புருஷன் ஆறிவிடுவார், மகன் ஆறிவிடுவான், ஊர் தாயே என்று கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போகும். யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும். மகளின் போனைப் பிடுங்கினாள், பேச்சைப் பிடுங்கினாள், உயிரைப் பிடுங்கினாள். மன்னிப்பையும் மகள் கொடுக்காமல் தானே பிடுங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்ல" என்றாள்.

தம்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாணி கையில் டேப்லெட்டோடு சிலை மாதிரி நின்றாள். அந்தக் குழப்பத்தில் நித்யாதான் எழுந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பாயில் உட்கார்ந்து கழுத்தைத் தாழ்த்தினாள்.

"நேரம் போகுது அக்கா. முடிச்சு போடுங்க" என்றாள்.

முகுந்தன் இயந்திரம் மாதிரி இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவதைக் காமாட்சி போட்டாள். மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது, இரண்டு தரம் நழுவி மூன்றாம் தரம் இறுகியது. அதன் பிறகு எதற்கும் காத்திராமல் கீழே சாய்ந்துவிட்டாள். கற்பூரம் காட்டினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். உறுமி மறுபடி முழங்கியது.

அருள் வந்தவர்களுக்கு, தங்கள் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரியாது. அது எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். ஆகவே காமாட்சி கண்ணைத் திறந்தபோது அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது. எல்லோரும் அப்படித்தான் அவளைப் பார்த்தார்கள், பாவம் என்றும் பார்த்தார்கள், பாவி என்றும் பார்த்தார்கள். இராஜம்மா தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"என்னடா ஆச்சு?" என்று காமாட்சி கேட்டாள். கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. "அக்கா வந்தாளா? என்ன சொன்னா?"

முகுந்தன் குனிந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டான். "வந்தாம்மா" என்றான். "நல்லா இருங்கன்னு சொல்லிட்டுப் போனா."

அவன் ஏசியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால் ஆறு வருஷத்தையும் கொட்டி அழுதிருப்பாள். தாயின் மனசு உடைந்துவிடக்கூடாது என்று பிள்ளை பொய் சொல்கிறான். அந்தப் பொய்யை நம்பியவளாக இனி அவள் வாழவேண்டும். மன்னிப்புக் கேட்கும் வழியைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் மணமக்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள், நித்யா விளக்கேற்றினாள். தம்புசாமி கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்தவர் உள்ளே வரவில்லை. பாலும் பழமும் கொடுக்கக் காமாட்சி தேடியபோது முகுந்தன் கூடத்தில் இல்லை. மாடியிலிருந்து எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தான். கட்டைவிரல் நகத்துக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாவு ஒட்டியிருந்தது.

"பால் குடிப்பா" என்று டம்ளரை நீட்டினாள்.

"வெச்சிடுங்கம்மா. அப்புறம் குடிக்கிறேன்."

அவன் அவள் கையைத் தொடவில்லை. டம்ளரை நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. எப்படியாவது இந்தப் பிள்ளை ஒரு தடவை தன் பக்கம் திரும்பவேண்டும், நெற்றியில் கை வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு வெறி வந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"உடம்பு ஒரு மாதிரியா இருக்குடா. காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. நித்யா திடுக்கிட்டுத் திரும்பினாள். முகுந்தன் தாயின் முகத்தை முழுசாக ஒரு தரம் பார்த்தான். நெற்றியில் கை வைக்கவில்லை. சுவரில் தொங்கிய கார் சாவியை எடுத்தான்.

"வாங்க. கிளினிக் போலாம்."

"இப்ப வேணாம்டா. கல்யாண நாளு. மாத்திர போட்டா சரியாயிடும்."

"காய்ச்சல்னு சொன்னா ஒடனே போயிடணும்மா. வாங்க."

மாலையும் கழற்றாத மாப்பிள்ளை, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கிளினிக்கில் டாக்டர் அவள் காதில் சூடு பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காய்ச்சலே இல்லையே ஆன்ட்டி. கல்யாண டென்ஷன் லா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

"காய்ச்சல் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல டாக்டர். ரத்தம் எடுத்துப் பாருங்க. டிங்கியா இருக்கலாம்" என்றான் முகுந்தன்.

அவன் குரலில் கோபம் இல்லை. காமாட்சி எனக்கு ஒன்றும் இல்லை, நடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் காலையில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாயை மூடிக்கொண்டாள். கையை நீட்டினாள். அர்ச்சனாவுக்காக நித்யா மாட்டிவிட்ட கண்ணாடி வளையல் இன்னும் அந்தக் கையில் இருந்தது. நர்ஸ் அதை மேலே தள்ளிவிட்டு ஊசியைக் குத்தினாள்.

நர்ஸ் எழுந்து அறைக் கதவைச் சாத்தப் போனாள். வாசலில் நின்றிருந்த முகுந்தன் கதவைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"சாத்தாதீங்க" என்றான். "தொறந்தே இருக்கட்டும்."